நாளைப் போவாரும் ஊர் திரும்பியவர்களும்

‘நாலு இடம் போய்ப் பார்த்தாத்தான் மனுசன் ஆவான்’ என்பது நம் வீடுகளில் புழங்குகிற பேச்சு. இதற்கே கொஞ்சம் வாசனை தெளித்து, பயணம் உன்னை வளர்க்கும், உன்னை உனக்கே காட்டும், மகிழ்ச்சி அங்கேதான் இருக்கிறது என்று தன்னம்பிக்கைப் புத்தகங்களும் சுற்றுலா விளம்பரங்களும் விற்கின்றன. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி புதுச்சேரிக்குள் நுழைகிற வண்டிகளைப் பார்த்தால் விற்பனை நன்றாகத்தான் நடக்கிறது என்று தெரிகிறது. வருகிறவர்கள் கடற்கரைச் சாலைக்குப் போகிறார்கள், மஞ்சள் சுவர் பிரெஞ்சுத் தெருக்களில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், ஆரோவில்லுக்குப் போகிறார்கள். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட் மூடியிருந்தால் மட்டும் எங்கள் முதலியார்பேட்டையில் நிற்கிறார்கள். ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொன்ன அந்த மில் 2020இல் மூடப்பட்டுவிட்டது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 மில் தொழிலாளிகள் செத்த நகரம் இது என்று அந்தப் போட்டோக்கள் எதிலும் தெரியாது. கேட் திறக்கிறது, ஆரன் அடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இதை வைத்து, பயணமும் மகிழ்ச்சியும் நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்குச் சொல்லாடல் என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். நம் நண்பர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில், ‘சோத்துக்கு இல்லாதவன்கிட்ட போய் ஊர் சுத்தற சந்தோஷத்தைப் பேசறியா?’ என்று ஒரு தோழர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இதற்குள் ஒரு அலட்சியம் இருக்கிறது: சோத்துக்கு இல்லாதவனுக்கு ஊர் பார்க்கும் ஆசை இருக்காது என்று யார் சொன்னது? தமிழில் பயணம் போகும் ஆசையையே பெயராக வைத்துக்கொண்ட ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அவன் பண்ணையாள்.

நந்தனைச் சொல்கிறேன். திருநாளைப்போவார். ‘நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து தில்லைக்கு. இன்று முதலியார்பேட்டையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சிதம்பரத்தில் இறங்கிவிடலாம். எனக்கு அந்த பஸ்ஸில் உட்காரும்போதெல்லாம் அவன் ஞாபகம்தான் வரும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பிரதியில் நந்தனைத் தடுக்கிற பண்ணையார் யாரும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகச் செய்தபோதுதான் வேதியர் ஒருவர் வருகிறார். நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார். விமர்சகர்கள் இதைப் பாரதியின் கற்பனை என்று குறையாகவும் சொல்லியிருக்கிறார்கள், சமூக யதார்த்தம் என்று நிறையாகவும் சொல்லியிருக்கிறார்கள். என் அக்கறை வேறு. சேக்கிழார் பிரதியில் தடுக்க ஆள் இல்லாதபோதும் நந்தன் போகவில்லையே, ஏன்? தன் பிறவிக்கு அந்த ஊர் எல்லை பொருந்தாது என்பதை அவனே உள்வாங்கி வைத்திருக்கிறான். இரவெல்லாம் தூங்காமல் ஆசைப்படுகிறான், விடிந்ததும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறான். வேதியர் அவன் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதி அவரை வெளியே இழுத்து மேடையில் நிறுத்தினார், அவ்வளவுதான். ஒரு வகையில் அது உபகாரம்.

ஆனால் அந்தத் தூங்காத இரவைக் கவனிக்க வேண்டும். நந்தனுடைய சந்தோஷம் முழுக்க அந்த இரவில்தான் இருக்கிறது. போய்ச் சேர்ந்தபின் என்ன ஆகிறது? எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். தீயில் இறங்கச் சொல்லிக் கனவில் ஆணை வருகிறது. இறங்குகிறான். பூணூலும் சடையுமாக முனிவன் ஒருவன் வெளியே வருகிறான். பயணம் மனிதனை வளர்க்கும் என்கிறார்களே, தமிழில் அதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரம் கிடையாது: புறப்பட்டவனின் உடம்பு எரிந்து, வேறு ஒருத்தன் ‘வளர்ந்து’ உள்ளே போகிறான். அவனும் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறான். ஆதனூருக்கு யாரும் திரும்பவில்லை.

இந்தத் ‘திரும்புதல்’ என்பதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக விரும்புகிறேன். நம்முடைய பழைய ஆற்றுப்படைகளே திரும்பி வருகிறவனின் வாய்மொழியாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. சிறுபாணாற்றுப்படையின் வழி நமக்குப் பக்கத்து வழி. எயிற்பட்டினம், அதாவது இன்றைய மரக்காணம் என்று பலரும் சொல்கிற இடம், அங்கிருந்து திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்வரை. வீட்டில் உப்பில்லாத கீரையை வெந்தது வேகாதது பார்க்காமல் கதவை அடைத்துக்கொண்டு தின்ற குடும்பத்தின் பாணன், பரிசில் வாங்கித் திரும்பும்போது எதிரே வருகிற இன்னொரு பசித்தவனுக்கு வழி சொல்கிறான். அவனுக்குக் கிடைத்த ‘ஆன்ம அனுபவம்’ வயிறு நிறைந்தது. அதை அடுத்தவனிடம் சொல்கிறான் பாருங்கள், அங்கேதான் இலக்கியம் இருக்கிறது. பாலைத் திணையை எடுத்துக்கொண்டால் பொருளுக்காகப் போனவனைப் பற்றி வீட்டில் இருப்பவள்தான் பேசுகிறாள். அவள் போனதில்லை. இது இரண்டாயிரம் வருசப் பிரச்சினை, பிறகு வருகிறேன்.

புதுச்சேரிக்கு வருவோம். இந்தக் கடற்கரையைப் ‘பார்க்க’ வருகிறவர்களுக்கு, இதே கடற்கரையிலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லப்படுவதில்லை. 1848இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். ரீயூனியனுக்கு, பிறகு 1853இல் ‘ஒரேலி’ என்கிற கப்பலில் மார்த்தினிக்குக்கு, அடுத்த வருசம் குவாதலூப்புக்கு. ரீயூனியனில் அவர்கள் சந்ததியார் ‘மல்பார்’ ஆனார்கள். மலையாளக் கரைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. போன இடத்தில் பெயரை யார் வைக்கிறார்கள் என்பது பயண இலக்கியத்தில் யாரும் கேட்காத கேள்வி.

பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதுதான் இந்த ஊரின் விசேஷம். 1881 செப்டம்பர் 21 அரசாணையின்படி, சாதி வழக்கத்துக்கும் மத வழக்கத்துக்கும் கட்டுப்பட்ட தன் சட்ட அந்தஸ்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் ஒருவர் வந்துவிடலாம். ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். திரும்பப் பெற முடியாது. ரெனோன்சான்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். நீதிமன்றத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போனதற்காக வழக்கில் மாட்டி, பாரீஸ்வரை போய் ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பி, லபோர்த் ஆனார். அவர் வேளாளக் கிறிஸ்தவர். ஆனால் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் தலித்துகள் நிறையப் பேர். ஒரு அங்குலம்கூட நகராமல், ஒரு அலுவலக மேசைமுன் நின்று செய்த பயணம் இது. பிறகு நிஜமாகவே கப்பல் ஏறினார்கள். சைகோனில் போலீசாக, சிப்பந்தியாக, கணக்கராக, பிரெஞ்சுக் குடிமகனாக நடந்தார்கள். இங்கே? 1884இல் புதுச்சேரியில் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, ரெனோன்சான் ஒன்று, மற்றவர் ஒன்று. சைகோனில் பிரெஞ்சுக்காரன், சொந்த ஊரில் தனிப் பட்டியல்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரை இங்கே சொல்தா என்போம்.) நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இந்தோசீனாவில் 1954வரை சண்டை, பிறகு அல்ஜீரியா. யாருடைய நாட்டை யாருக்காகச் சுட்டார் என்று பின்னாளில் நான் இலக்கியக் கூட்டத்து ஞானத்தோடு கேட்டபோது, ‘தப்புதான் தம்பி’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘ஆனா அங்க என்னை எல்லாரும் முசியேன்னு கூப்பிட்டாங்க’ என்றார். இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் வைத்துப் பார்க்கிற கோட்பாடு நம்மிடம் இருக்கிறதா? காலனிய எதிர்ப்புச் சொல்லாடல் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளும். சுற்றுலாச் சொல்லாடல் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். மனிதர் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்.

தமிழில் பயண இலக்கியம் என்றதும் ஏ.கே.செட்டியார் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. எழுபதுகளில் வாரப்பத்திரிகைகள் வளர்த்த வெளிநாட்டுப் பயணக் கட்டுரை, வாசகரின் வீட்டுக் கூடத்தை அப்படியே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது. அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை. செட்டியார் அப்படி இல்லை. கோட்டையூரில் 1911இல் பிறந்தவர், ஜப்பானிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர், காந்தி பற்றிய படத்துண்டுகளைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்து 1940இல் படமாக்கியவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ அதே வருசத்தில் வந்தது. 1983இல் சாகும்வரை குமரி மலரை நடத்தினார். அவருடைய உரைநடையில் எனக்குப் பிடித்தது, தன்னை முன்னே தள்ளாமல் இருப்பது. குட்டி வாக்கியம், ஓரத்தில் ஒரு சிரிப்பு, அடுத்த ஊர். பயணத்தில் தான் ‘வளர்ந்ததாக’ எங்கேயும் பீற்றிக்கொள்வதில்லை.

ஆனால் இந்தத் தன்னடக்கம் எதன்மேல் நிற்கிறது? பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் மூலதனம் ஏற்கெனவே போட்டுவைத்த பாதை அது. போகிற துறைமுகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், கடிதம் ஒன்று கையில் இருக்கும். தன்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதற்கு, தன்னை யாரும் விசாரிக்காத பாதுகாப்பு வேண்டும். அதே கடல்களில் மேல்தட்டில் மழையில் நனைந்துகொண்டு போனவனுக்கு அந்த வசதி கிடையாது, அவன் எழுதவும் இல்லை. அவனைப் பற்றி நமக்கு இருப்பது புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ மாதிரி சிலது. பிறகு ப.சிங்காரம். ‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியன் மெடானிலும் பினாங்கிலும் அலைந்தாலும் மனசுக்குள் மதுரைத் தெருக்களில்தான் நடக்கிறான். சிங்காரமோ 1946இல் மதுரைக்கே திரும்பி, நாளிதழ் வேலையில் பத்தாண்டுக் கணக்காகத் தனியாக வாழ்ந்தார். ஊருக்குத் திரும்பியவன் ஊரில் இல்லாமல் போவது எப்படி என்பதற்கு அந்த நாவலும் அந்த வாழ்க்கையும் சேர்ந்து ஒரு பிரதி. செட்டியாரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவரை மட்டும் வைத்துத் தமிழ்ப் பயணியைக் கட்டமைக்காதீர்கள் என்கிறேன்.

அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ கைப்பிரதியாகக் கிடந்து 1990இல் சிறு நூலாக வந்தது. சில பக்கங்கள்தான். உலகப் பயண இலக்கியத்தில் இதை வைக்கத் தோன்றாதவர்கள் பயணத்தைப் பற்றி ஒன்றுமே புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். முதல் அத்தியாயம் 1901இல் ஒரு பள்ளிப்பிள்ளையின் விடுமுறைப் பயணம். புதுச் சட்டை, தொப்பி, ரயில், அப்பாவைப் பார்க்கப் போகும் குஷி. நந்தனின் இரவு மாதிரியே. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் யார் நீங்கள் என்று கேட்கிறார். மகர் என்று சொன்னதும் எல்லாம் மாறிப்போகிறது. மாட்டு வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். இரட்டைக் கூலிக்குச் சம்மதித்த ஒருவனும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தான் தீட்டுப்படாமல் பக்கத்தில் நடந்து வருவேன் என்கிறான். கட்டுச்சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அடுத்தது பரோடா. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த வருசங்கள் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டதாக அவர் எழுதுகிறார். இதுதான் பயணத்தின் மகிழ்ச்சி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன். சுதந்திர தேவி சிலையோ தேம்ஸ் நதியோ இல்லை, ஒரு நினைப்பு இல்லாமல் போனது. 1917இல் திரும்பி வந்து பரோடா ஸ்டேஷனில் இறங்குகிறார்; எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்த நிமிடத்தில் அந்த நினைப்பு திரும்பி வருகிறது. பார்சி விடுதியில் பெயர் மாற்றித் தங்குகிறார். தடிகளோடு வந்து துரத்துகிறார்கள். கொலம்பியாவில் படித்தவர் ஒரு பூங்காவில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்.

தன்னிலை என்பது உள்ளுக்குள் இருக்கிற பொருள் அல்ல, விசாரிக்கிறவனின் கேள்வியில் உண்டாவது என்று நாம் மேற்கத்திய ஆசிரியர்களைப் படித்துத் தெரிந்துகொண்டோம். மசூர் ஸ்டேஷனில் அதை ஒரு ஒன்பது பத்து வயசுப் பையன் தெரிந்துகொண்டான்.

பெரியார் 1931 டிசம்பரில் கப்பல் ஏறி எகிப்து, கிரீஸ், துருக்கி, ருஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று போய்விட்டு 1932 நவம்பரில் திரும்பினார். திரும்பிய கையோடு செய்தது, ஸ்ரீ, திருவாளர் எல்லாம் வேண்டாம், இனி ‘தோழர்’ என்று போடுங்கள் என்றது. டிசம்பரில் சிங்காரவேலரோடு ஈரோட்டுத் திட்டம். ஒரு பயணத்தில் அவர் என்ன அனுபவித்தார் என்பதைவிட ஊருக்கு என்ன சொல்லைக் கொண்டுவந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. (என்னை மடக்கிய தோழரைத் தோழர் என்று நான் கூப்பிடுவதும் ஒருத்தர் ஊர் சுற்றியதால்தான்.)

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. முடித்த வருசம் நண்பர்களோடு நாக்பூர் போனேன், முன்பதிவில்லாப் பெட்டியில். 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய தீட்சாபூமிக்கு ஆண்டு விழாக் கூட்டம். கிராமம் கிராமமாக வந்து இறங்குகிறார்கள். துணிமூட்டையில் ரொட்டி, இடுப்பில் குழந்தை, நடைபாதையில் தூக்கம். காலையில் எழுந்து புத்தகக் கடைக்குப் போகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற கிழவிகள் புத்தகம் வாங்குவதை அங்கேதான் பார்த்தேன். சோத்துக்கு இல்லாதவர்களின் ஊர் சுற்றல் இது. இந்தத் தில்லையில் எல்லைக்கு வெளியே சுற்ற வேண்டியதில்லை, தீயும் இல்லை. இரண்டு நாள் நான் யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு இந்தி, மராத்தி எதுவும் தெரியாது. வாழ்க்கையில் அவ்வளவு லேசாக நான் நடந்ததில்லை. சந்தோஷம் என்று கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

திரும்பும்போது விழுப்புரத்தில் ரயில் மாறினோம். எதிர் சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார். ‘தம்பிக்கு எந்த ஊரு?’ ‘முதலியார்பேட்டை.’ அவர் முகம் மலர்ந்தது. ஊர்ப் பெயரிலேயே சாதி இருப்பதால் ஒரு நிமிடம் நான் முதலியார் ஆகிவிட்டேன். கடலை கொடுத்தார். பிறகு, ‘அங்க எந்தத் தெரு?’ என்றார். சொன்னேன். கடலையைத் திரும்பக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோதே பஸ்ஸில் பக்கத்து சீட்டு விசாரணையை எழுதிவிட்டது. அதைப் படித்திருந்தும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் ஆண். ஜன்னலாவது கிடைக்கும். பாலைத் திணையில் வீட்டிலேயே நின்றுவிட்டவளைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன். அம்பை ‘பயணம்’ என்ற ஒரே தலைப்பில் எண் போட்டுக் கதைகள் எழுதினார். அவற்றில் பெரிய இடங்கள் எதுவும் வராது. ரயில் பெட்டி, பஸ், ராத்திரி நேரம், பக்கத்தில் இருக்கிற முகம் தெரியாத ஆள். பெண்ணுக்கு வழிதான் வெளி, போய்ச் சேர்ந்தால் மறுபடி வீடு. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது நம் அறிவுஜீவிகள் பொருளாதாரக் கணக்குப் போட்டார்கள்: மிச்சம் எத்தனை ரூபாய், நஷ்டம் எத்தனை கோடி. கடலூரில் இருக்கிற என் சித்தி சொன்னது வேறு. ‘சும்மா ஏறி சில்வர் பீச் வரைக்கும் போயிட்டு வந்தேன்டா. ஒரு வேலையும் இல்ல.’ அறுபது வயசில் முதன்முறையாகக் காரணம் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறார். காய்கறி வாங்க, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று ஏதாவது ஒரு காரணம் அதுவரை வேண்டியிருந்தது. அந்த ‘சும்மா’வுக்கு எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் நான் கலைச்சொல் பார்க்கவில்லை.

ஆகவே மடக்கிய தோழருக்கு என் பதில்: பயணத்தின் சந்தோஷத்தைச் சுற்றுலாக்காரனுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். அவனுடைய சந்தோஷம் கேட் திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் நம்மைப் பார்க்காமல் இருப்பதில் இருக்கிறது. நம்முடையது, கொஞ்ச நேரம் நம்மை யாரும் பார்க்காமல் இருப்பதில் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. ஒன்று மாதிரித் தெரிவதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் போன இடத்தில் சாதிச் சங்கம் வைப்பவர்களும், தோட்டத்து லயத்திலும் சேரியைத் தனியாகப் பிரித்தவர்களும் நம்மவர்கள்தான். கேள்வியையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே அடங்காது.

இப்போதைக்கு ஒரு யோசனை. பயணக் கட்டுரைத் தொகுப்புகள் போடுகிற நண்பர்கள் ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துக் குறிப்புகளையும் துரைமார் நாட்குறிப்புகளையும் விட்டுவிட்டு, இந்த ஊர் சொல்தா வீடுகளில் இருக்கும் கடிதங்களைக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். சைகோனிலிருந்து மனைவிக்கு வந்தவை, பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. எங்கள் தெருப் பெரியவர் இறந்தபின் அவருடைய இரும்புப் பெட்டியைப் பார்த்தேன். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் எழுதிவைத்த குடும்பப் பெயர் இன்னும் அழியவில்லை. உள்ளே பேத்தி அரிசி கொட்டி வைத்திருந்தாள். கடிதங்கள் பரண்மேல் இருப்பதாகச் சொன்னாள், ஏணி போட்டுத்தான் எடுக்க வேண்டுமாம்.